ஒரு வரியில் இருப்பது எந்த அணி என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

நீங்கள் கேட்டது இது: அணிகளின் வரையறை எல்லாம் மனப்பாடம். ஆனால் இதுவரை படிக்காத ஒரு வரியைக் கொடுத்தால் அது உவமையா, உருவகமா, தற்குறிப்பேற்றமா என்று தடுமாறுகிறது. 'போல' இருந்தால் உவமை, இல்லாவிட்டால் உருவகம் என்று எழுதிப் பலமுறை தவறாகிவிட்டது. ஒரே வரியில் இரண்டு அணி தெரிந்தால் என்ன செய்வது?

பல ஆண்டுகளாகப் பாடம் சொல்லிக்கொடுத்ததில் நான் கண்டது, இந்தத் தடுமாற்றம் அநேகமாக எல்லோருக்கும் ஒரே இடத்தில்தான் தொடங்குகிறது. வரியைப் படித்ததும் பெயரைத் தேடுகிறோம். பெயர் பிறகு வரட்டும். முதலில் ஒரே ஒரு கேள்வி: இந்த வரி சொல்வது சொன்னபடியே நடக்குமா? நடக்காது என்றால், கவிஞர் எதை எதனோடு இணைத்திருக்கிறார், அந்த இணைப்பில் எதை வெளியே காட்டி எதை மறைத்திருக்கிறார்? இதற்குப் பதில் கிடைத்தால் பெயர் தானாக வந்து நிற்கும்.

'போல' என்ற சொல்லிலிருந்தே தொடங்கலாம், நிறையப் பேரை ஏமாற்றுவது அதுதான். "மழை வரும் போல இருக்கிறது" என்கிறோம். இங்கே ஒப்பீடே இல்லை, வெறும் ஊகம். "தம்பியும் அண்ணன் போல உயரம்" என்கிறோம். இது ஒப்பீடுதான், ஆனால் அணி இல்லை. இரண்டு மனிதர்களை ஒரே அளவுகோலால் அளந்து சொல்லும் செய்தி. "தம்பி பனை போல உயரம்" என்றால் கதை வேறு. மனிதனும் மரமும் வேறு வேறு இனம், அந்த வேற்றுமையைத் தாண்டி ஒரு குணம் இரண்டையும் இணைக்கிறது. உவமைக்கு அந்தத் தாவல் வேண்டும். இனம் மாறாத ஒப்பீட்டில் தாவல் இல்லை.

உவமை என்று தோன்றினால் அதன் நான்கு உறுப்புகளையும் பிரித்துப் பாருங்கள்: எதைச் சொல்ல வந்தார் (பொருள்), எதைக் காட்டினார் (உவமை), இரண்டுக்கும் பொது என்ன (பொதுத்தன்மை), இணைக்கும் சொல் எது (உவம உருபு). "பவளம் போன்ற சிவந்த வாய்" என்பதில் நான்கும் வெளிப்படையாக இருக்கின்றன. நன்னூல் போல, புரைய, ஒப்ப, உறழ, மான, கடுப்ப, இயைய, ஏய்ப்ப, நேர, நிகர, அன்ன, இன்ன என்று 12 உருபுகளைச் சொல்லிவிட்டு 'பிறவும்' என்று கதவைத் திறந்தும் வைக்கிறது. அதனால்தான் இன்று நாம் பேசும் 'மாதிரி'யும் அந்த வேலையைச் செய்கிறது.

பொதுத்தன்மையைக் கண்டுபிடிக்கத் தொல்காப்பியம் தரும் சூத்திரம் இன்றும் கைகொடுக்கும். உவமைக்கென்று தனி இயலே வைத்த அந்த நூல், "வினைபயன் மெய்உரு என்ற நான்கே" என்று தொடங்குகிறது. புலி போலப் பாய்ந்தான் என்றால் ஒற்றுமை செயலில். மழை போலக் கொடுத்தான் என்றால் பயனில். துடி (உடுக்கை) போன்ற இடை என்றால் வடிவத்தில். பொன் போன்ற மேனி என்றால் நிறத்தில். ஓர் உவமையைப் பார்த்ததும் இந்த நான்கில் எது என்று கேட்டுப் பழகுங்கள். வரியின் பொருளும் சேர்ந்து புரியும். வீரனைப் புலி என்பதைப் படித்துவிட்டு அவன் உடம்பில் வரி தேடுகிறவர் யாரும் இல்லை, ஏன் இல்லை என்பதற்கு விளக்கம் இந்தச் சூத்திரத்தில் இருக்கிறது.

இனி நான் முக்கியமாகச் சொல்ல நினைப்பது. உவமை, உருவகம், எடுத்துக்காட்டு உவமை, பிறிது மொழிதல் ஆகியவற்றைத் தனித்தனிப் பெட்டிகளாகப் படிக்காதீர்கள். அவை ஒரே படிக்கட்டின் படிகள். ஒவ்வொரு படி ஏறும்போதும் கவிஞர் ஒன்றை மறைத்துக்கொண்டே போகிறார்.

முதல் படியில் எதுவும் மறையவில்லை. "அகழ்வாரைத் தாங்கும் நிலம்போலத் தம்மை இகழ்வார்ப் பொறுத்தல் தலை" என்ற குறளில் நிலம் தெரிகிறது, பொறுமையுள்ளவர் தெரிகிறார், 'போல' தெரிகிறது. இது நேரான உவமையணி.

அடுத்த படியில் உருபு மட்டும் மறையும். ஒரு சொல்லுக்குள் நடந்தால் அது உவமைத்தொகை: மதிமுகம், கயல்விழி. இரண்டு முழு வாக்கியங்களுக்கு நடுவில் நடந்தால் அது எடுத்துக்காட்டு உவமையணி. "தொட்டனைத் தூறும் மணற்கேணி மாந்தர்க்குக் கற்றனைத் தூறும் அறிவு." தோண்டத் தோண்டக் கேணியில் நீர் ஊறும், கற்கக் கற்க அறிவு ஊறும். இரண்டு செய்திகளும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன, நடுவில் இருக்க வேண்டிய 'அதுபோல' இல்லை. அதை நீங்களே நடுவில் வைத்துப் படித்துப் பாருங்கள். கச்சிதமாகப் பொருந்தினால் எடுத்துக்காட்டு உவமை.

அதற்கும் மேலே உருவகம். இங்கே மறைவது இரண்டு பொருள்களுக்கும் இடையிலுள்ள வேற்றுமை. உவமையையும் பொருளையும் "வேற்றுமை ஒழிவித்து ஒன்றென மாட்டின்" அது உருவகம் என்கிறது அணியிலக்கண நூலான தண்டியலங்காரம். 'மாட்டின்' என்ற சொல் எனக்கு மிகவும் பிடிக்கும். ஒன்றை இன்னொன்றில் கோத்து மாட்டிவிடுவது. "அவர் பேச்சு நெருப்பு" என்னும்போது நெருப்பைப் போன்றது என்று சொல்லவில்லை, நெருப்பே என்று மாட்டிவிட்டோம்.

மலர்முகம், முகமலர் குழப்பம் வருவது இந்த இடத்தில்தான். இதற்கு ஒரு சோதனை உண்டு. இரண்டு சொற்களுக்கு நடுவில் 'போன்ற' வைத்துப் பாருங்கள், பிறகு 'ஆகிய' வைத்துப் பாருங்கள். மலர் போன்ற முகம் பொருந்துகிறது, எனவே மலர்முகம் உவமைத்தொகை. முகம் போன்ற மலர் என்றால் மலரைப் பற்றிய பேச்சாகிவிடுகிறது, நாம் பேச வந்தது முகத்தைப் பற்றி. முகமாகிய மலர் பொருந்துகிறது, எனவே முகமலர் உருவகம். துன்பக்கடல், அறிவு விளக்கு, வறுமைத் தீ எல்லாம் இந்த வகை. சொல்ல வந்த உண்மையான பொருள் கடைசியில் நின்றால் உவமை, ஒப்பாக வந்தது கடைசியில் நின்றால் உருவகம் என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

ஆனால் ஓர் எச்சரிக்கை. 'ஆகிய' பொருந்திவிட்டால் மட்டும் உருவகம் என்று முடிவு கட்டாதீர்கள். சாரைப்பாம்பு என்பதிலும் சாரையாகிய பாம்பு என்று பொருந்தும். சாரை உண்மையிலேயே பாம்பு, அதனால் அது ஒரே பொருளைக் குறிக்கும் இரண்டு பெயர்கள் ஒட்டி நிற்கும் இருபெயரொட்டுப் பண்புத்தொகை. துன்பம் உண்மையில் கடல் இல்லை. 'சொன்னபடியே நடக்குமா' என்ற முதல் கேள்வியை இங்கே மறுபடி கேட்டால் போதும்.

உருவகத்துக்குள்ளேயே பாதி மாட்டியது, முழுவதும் மாட்டியது என்று உண்டு. "பிறவிப் பெருங்கடல் நீந்துவர் நீந்தார் இறைவன் அடிசேரா தார்" என்பதில் பிறவி கடலாகிவிட்டது. இறைவன் அடி தெப்பமாகவில்லை, அதை நாம்தான் நிரப்பிக்கொள்கிறோம். இப்படி ஒரு பகுதியை மட்டும் உருவகம் செய்து மற்றதை விட்டுவிட்டால் ஏகதேச உருவகம். பொய்கையாழ்வாரின் "வையம் தகளியா வார்கடலே நெய்யாக வெய்ய கதிரோன் விளக்காக" என்ற பாடலில் உலகம் அகலாகிறது, கடல் நெய்யாகிறது, கதிரவன் சுடராகிறது. ஒரு விளக்குக்கு வேண்டிய எல்லாம் வந்துவிட்டன, விட்டது எதுவும் இல்லை. இரண்டையும் அடுத்தடுத்து வாசித்தால் ஏகதேசம் என்றால் என்ன என்பது மறக்கவே மறக்காது.

படிக்கட்டின் உச்சியில் பிறிது மொழிதல். இங்கே சொல்ல வந்த பொருளே முழுவதும் மறைந்துவிடும், காட்டப்பட்டது மட்டும் நிற்கும். "பீலிபெய் சாகாடும் அச்சிறும் அப்பண்டஞ் சால மிகுத்துப் பெயின்." மயிலிறகை ஏற்றிய வண்டியாக இருந்தாலும் அளவுக்கு மிஞ்சி ஏற்றினால் அச்சு முறியும். குறளில் இவ்வளவுதான் இருக்கிறது. அரசன் இல்லை, பகைவர் இல்லை, போர் இல்லை. ஆனால் இது இருப்பது வலியறிதல் என்ற அதிகாரத்தில். வள்ளுவர் வண்டி ஓட்டுபவர்களுக்குப் பாரம் ஏற்றக் கற்றுக்கொடுக்கவில்லை. பகைவர் எளியவர்களே ஆனாலும் பலராகச் சேர்ந்தால் வலியவனும் முறிவான் என்கிறார். இந்த அணி கடினமாக இருப்பதற்குக் காரணம், வரியை மட்டும் பார்த்தால் அது நூற்றுக்கு நூறு உண்மைச் செய்தியாகவே இருக்கும். வண்டி அச்சு உண்மையாகவே முறியும்! எனவே 'சொன்னபடியே நடக்குமா' என்ற கேள்வி இங்கே மட்டும் போதாது. 'இதை ஏன் இந்த இடத்தில் சொல்கிறார்' என்று சேர்த்துக் கேட்க வேண்டும். அதிகாரத் தலைப்பு, யார் யாரிடம் பேசுகிறார், எந்தச் சூழல் என்று பாருங்கள். இதற்கு ஒட்டணி என்றும் பெயர் உண்டு, நூலுக்கு நூல் பெயர் மாறுவதைப் பார்த்துப் பயந்துவிட வேண்டாம்.

படிக்கட்டுக்கு வெளியே, ஒற்றுமையை நம்பாத அணிகள் சில இருக்கின்றன. அவற்றில் அதிகம் குழப்புவது தற்குறிப்பேற்றம். சிலப்பதிகாரத்தில் கோவலனும் கண்ணகியும் மதுரையை நெருங்குகிறார்கள். கோட்டை மதில்மேல் கொடிகள் காற்றில் அசைகின்றன. இளங்கோ அதை "வாரல் என்பனபோல் மறித்துக்கை காட்ட" என்கிறார். வராதீர்கள் என்று கையசைத்துத் தடுக்கின்றனவாம். கோவலனுக்கு அந்த நகரில் என்ன நடக்கப்போகிறது என்று தெரிந்தவர்களுக்கு இந்த வரி தொண்டையை அடைக்கும். 'போல்' இருக்கிறது பாருங்கள், ஆனாலும் இதை உவமை என்று நிறுத்திவிட்டால் வரியின் உயிர் கைக்கு வராது. கொடி எதைப் போல இருக்கிறது என்று சொல்வது இளங்கோவின் நோக்கமில்லை. ஏன் அசைகிறது என்று சொல்கிறார். கொடி அசைவது இயல்பாக நடப்பது, காரணம் காற்று. அந்த இயல்பான காரணத்தை ஒதுக்கிவிட்டுக் கவிஞர் தம் குறிப்பை அதன்மேல் ஏற்றுகிறார். ஆகவே இரண்டு விஷயங்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள்: உலகில் உண்மையாக நடக்கும் ஒரு நிகழ்ச்சி, அதற்குக் கவிஞர் கற்பித்த ஒரு காரணம் அல்லது எண்ணம். இரண்டும் இருந்தால் தற்குறிப்பேற்றம்.

காரணம் ஏற்றாமல் மனிதச் செயலை மட்டும் உயிரற்றதற்குக் கொடுத்தால் அது வெறும் மனிதப்பண்பேற்றம். காற்று தாலாட்டியது, கடல் தூங்கியது என்பன போல. இங்கே இன்னொரு பள்ளம் இருக்கிறது. "கடல் தூங்கியது", "ஊர் தூங்கியது" இரண்டும் ஒரே வகையா? இல்லை. கடலுக்குத் தூக்கம் கிடையாது, அதற்கு மனிதத் தன்மையைக் கொடுத்திருக்கிறோம். ஊர் தூங்கியது என்பதில் ஊரிலுள்ள மக்கள் உண்மையாகவே தூங்கினார்கள், ஊரின் பெயர் அவர்களுக்கு ஆகி வந்திருக்கிறது. அது இடவாகுபெயர்.

ஆகுபெயரைப் பிடிப்பதற்கும் சோதனை உண்டு. விடுபட்டதை நிரப்பிப் பாருங்கள். "வள்ளுவரைப் படித்தேன்" என்றால் வள்ளுவர் எழுதிய நூலை. "தலைக்கு ஒரு புத்தகம்" என்றால் தலையை உடைய ஒவ்வொருவருக்கும். "மஞ்சள் பூசினாள்" என்றால் மஞ்சள் நிறமுடைய கிழங்கை. 'உள்ள', 'உடைய', 'எழுதிய' போன்ற தொடர்புச் சொல் நுழைந்தால் ஆகுபெயர். 'போன்ற' நுழைந்தால் உவமைக் குடும்பம். எல்லைக்கோட்டில் நிற்பது உவமை ஆகுபெயர். "பாவை வந்தாள்" என்பதில் பாவை போன்ற பெண் வந்தாள் என்று விரியும், பெண் என்ற சொல் இல்லை. பெயர் ஆகி வந்த வகையில் ஆகுபெயர், அடிப்படை ஒப்புமை.

இதையொட்டி ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், பலருடைய குழப்பத்துக்கு வேர் இதில் இருக்கிறது. அணி என்பதும், சொன்னதற்கு வேறான பொருள் தருவது என்பதும் ஒன்றல்ல. ஆகுபெயர் சொன்னதற்கு வேறான பொருளைத் தருகிறது, ஆனால் நன்னூல் அதை வைத்திருப்பது பெயரியலில். காலமானவரை "இயற்கை எய்தினார்" என்று சொல்லும் மங்கலமும், சொல்லத் தயங்குவதை வேறு சொல்லால் சொல்லும் இடக்கரடக்கலும், தகுதி கருதிச் சொல்லை மாற்றிச் சொல்லும் தகுதி வழக்கில் வருகின்றன. மறுபக்கம், "அன்பும் அறனும் உடைத்தாயின் இல்வாழ்க்கை பண்பும் பயனும் அது" என்ற குறளில் இருப்பது நிரல்நிறை அணி. அன்பு பண்புக்கும் அறன் பயனுக்கும் வரிசையாகப் போய்ச் சேர்கின்றன. இதில் மறைபொருள் எதுவும் இல்லை, அடுக்கிய அழகுதான் அணி. உள்ளதை உள்ளபடி சொல்லும் தன்மை அணிக்கும் அப்படித்தான். தண்டியலங்காரம் தன் 35 பொருளணிகளில் முதலாவதாக வைத்திருப்பதே தன்மையணியைத்தான். அழகான வரி என்றாலே ஏதோ ஒளிந்திருக்கிறது என்று தோண்ட வேண்டியதில்லை.

மரபுத்தொடர்களும் உருவகமும் கலங்கும் இடம் ஒன்று உண்டு. "கம்பி நீட்டினான்" என்றால் ஓடிப்போனான். "இரும்புக் கம்பியை நீட்டினான்" என்று ஒரு சொல்லைச் சேர்த்துப் பாருங்கள், பொருள் உதிர்ந்துவிடும். மரபுத்தொடர் கல்லாகிப் போன தொடர், கை வைத்தால் உடையும். உருவகம் அப்படி இல்லை, இழுத்தால் நீளும். வறுமைத் தீ என்றதை "வறுமைத் தீ கொழுந்துவிட்டு எரிந்தது, அதில் அவன் படிப்பும் கருகியது" என்று வளர்க்கலாம். மேசைக்கால், ஊசியின் காது, சட்டைக் கை போன்றவையும் ஒரு காலத்தில் யாரோ கண்ட ஒப்புமைதான். இன்று அவை அந்தப் பொருள்களின் பெயராகவே ஆகிவிட்டன, அவற்றை உருவகம் என்று எழுத வேண்டாம்.

உயர்வு நவிற்சியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அளவு நம்ப முடியாததாக இருந்து, சொல்பவருக்கும் கேட்பவருக்கும் அது தெரிந்தே இருந்தால் அதுதான். "ஆயிரம் தடவை சொல்லிவிட்டேன்" என்றால் யாரும் எண்ண உட்காருவதில்லை.

சிலேடைக்கு வரியை இரண்டுமுறை முழுதாகப் படிக்க வேண்டும், இரண்டு முறையும் உண்மையாக வர வேண்டும். காளமேகப் புலவர் பாம்புக்கும் எள்ளுக்கும் ஒரே வெண்பாவைப் பொருத்தினார். அதில் வரும் 'பிண்ணாக்கு' என்ற ஒரு சொல்லைப் பாருங்கள். எள்ளை ஆட்டினால் பிண்ணாக்கு கிடைக்கும். பாம்புக்கோ பிளவுபட்ட நாக்கு. இப்படிச் சொல்லைப் பிரித்தால் இரண்டாவது பொருள் வருவது பிரிமொழிச் சிலேடை, ஆறு என்பது எண்ணாகவும் நதியாகவும் பிரிக்காமலே நிற்பது செம்மொழிச் சிலேடை.

புகழ்வது போலப் பழிப்பதும் பழிப்பது போலப் புகழ்வதும் வஞ்சப்புகழ்ச்சி. அதில் சொற்களை மட்டும் பார்த்தால் நிச்சயம் ஏமாறுவோம். புறநானூற்றின் 95ஆம் பாடலில் ஔவையார் தொண்டைமான் என்ற மன்னனின் படைக்கலங்களைப் பார்க்கிறார். இவை பீலி அணிந்து, மாலை சூட்டி, நெய் பூசி, காவல் மிகுந்த மாளிகையில் இருக்கின்றன, அவனுடைய வேல்களோ பகைவரைக் குத்திக் குத்தி நுனி முறிந்து கொல்லனுடைய உலைக்களத்தில் கிடக்கின்றன என்கிறார். அவன் என்றது ஔவையாரை ஆதரித்த அரசன் அதியமானை. முதல் பாதி புகழ்ச்சி போலக் கேட்கிறது, இரண்டாம் பாதி குறை சொல்வது போலக் கேட்கிறது. ஆயுதம் எதற்கு இருக்கிறது என்று ஒரு கணம் யோசித்தால் இரண்டும் தலைகீழாகிவிடும். பளபளக்கும் வேல் போரே பார்க்காத வேல். இங்கே கேட்க வேண்டியது: புகழும் குணம் இந்த இடத்தில் உண்மையிலேயே பெருமைதானா?

கடைசியாக, ஒரே வரியில் இரண்டு அணி தெரிந்தால் என்ன செய்வது என்று கேட்டிருந்தீர்கள். "தேவர் அனையர் கயவர் அவருந்தாம் மேவன செய்தொழுக லான்" என்ற குறளை எடுத்துக்கொள்ளுங்கள். 'அனையர்' என்று ஒப்புமைச் சொல் கண்ணுக்கு முன்னால் நிற்கிறது, பொதுத்தன்மையும் சொல்லப்பட்டிருக்கிறது: இருவரும் தாம் விரும்பியதைச் செய்து திரிகிறார்கள். உவமை என்று எழுதினால் முழுத் தவறு இல்லை. ஆனால் அந்த உவமை எதற்காக வந்தது? கயவரைத் தேவர் நிலைக்கு உயர்த்துவது போலக் காட்டி, தம்மைக் கட்டுப்படுத்த யாரும் இல்லாமல் மனம்போனபடி நடப்பவர்கள் என்று இடித்துக் காட்டுவதற்காக. உவமை கருவி, பழிப்பு நோக்கம். நோக்கத்துக்குரிய பெயரை, அதாவது வஞ்சப்புகழ்ச்சி அணி என்பதை, விடையாக எழுதுங்கள். விளக்கம் எழுத இடம் இருந்தால், அது உவமையின் வழியாக வந்திருக்கிறது என்று அடுத்த வரியில் சேர்த்துவிடுங்கள்.